வெடிக்கும் இலக்குகள்: வரலாறும் காப்பும்

துரோணர் தம் மாணாக்கர்க்கு வைத்த தேர்வை அறியாத தமிழாசிரியர் இலர். மரக்கிளையில் பொம்மைப் பறவை ஒன்றை வைத்து, ஒவ்வொருவரையும் அழைத்து, "என்ன காண்கிறாய்?" என்று அவர் வினவினார். தருமன் மரத்தையும், கிளையையும், பறவையையும், உடன் நிற்கும் தம்பியரையும், ஆசிரியரையும் காண்பதாகக் கூறினான். அவனை வில்லைக் கீழே வைக்கச் சொன்னார். அருச்சுனன் பறவையை மட்டுமே காண்பதாகக் கூறினான். அவனுக்கே அம்பை எய்யும் பேறு கிடைத்தது. மனத்தை ஒருமுகப்படுத்தல் என்னும் பாடத்துக்கு இக்கதையை நான் முப்பது ஆண்டுகளாக வகுப்பில் சொல்லி வருகிறேன். சென்ற தவணையில் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் கேட்ட கேள்விக்குப் பிறகு, தருமன் சொன்ன விடையும் ஓரிடத்தில் சரியாகும் என்று எனக்குத் தோன்றிற்று. அதன் விளைவே இக்கட்டுரை.

"ஐயா, உரம் வெடிக்குமா?" என்பதே அவன் கேள்வி. கைப்பேசியில் ஒரு படம் பார்த்திருக்கிறான். அமெரிக்கர் ஒருவர் வெட்டவெளியில் ஒரு டப்பாவைத் தொலைவில் வைத்துத் துப்பாக்கியால் சுடுகிறார். டப்பா இடிபோல் முழங்கி வெண்புகையாய் எழுகிறது. சுற்றி நின்றோர் கைதட்டுகின்றனர். அந்த டப்பாவில் இருந்தது உரம் என்று அண்ணன் சொன்னானாம். எங்கள் தோட்டத்தில் உரக் கொட்டகைக்கும் பிள்ளைகள் பந்தாடும் திடலுக்கும் இடையே ஒரு வேலிதான் உண்டு. ஆகவே "போடா, படி" என்று அவனை அனுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை. தேடிப் படித்தவற்றை ஆசிரிய நண்பர்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

உயிர்க்குறி போய் மண்குறி வந்தது

குறி பார்த்துச் சுடுவோர்க்கு இரண்டு ஆசைகள் உண்டு. ஒன்று, குறியில் படவேண்டும். மற்றொன்று, பட்டது கண்ணுக்கும் காதுக்கும் தெரியவேண்டும். இலக்குகளின் வரலாறு முழுவதும் இந்த இரண்டாம் ஆசையின் வரலாறே என்று சொல்லலாம்.

இங்கிலாந்தில் முற்காலத்தில் உயிருள்ள புறாவையே பெட்டியிலிருந்து பறக்கவிட்டுச் சுட்டனர். புறா விழுந்தால் பட்டது என்று பொருள். 1900ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் நடந்த போட்டியிலும் ஏறத்தாழ 300 புறாக்கள் இவ்வாறு மாண்டன. இவ்வழக்கத்தை இங்கிலாந்து 1921ஆம் ஆண்டில் சட்டத்தால் தடுத்தது.

அதற்கு நெடுநாள் முன்பே மாற்றுக் குறிகள் தோன்றியிருந்தன. 1860களின் இறுதியில் அமெரிக்காவில் கண்ணாடி உருண்டைகள் புழக்கத்துக்கு வந்தன. அவற்றை ஒரு பொறியால் வானில் எறிவர். அக்காலத்துப் புகழ்பெற்ற சுடுநர் ஆடம் போகார்டஸ், வழவழப்பான கண்ணாடியில் ரவைகள் சறுக்கிப் போவதைக் கண்டு, மேற்பரப்பில் கோடுகள் அமைந்த உருண்டைக்கு 1877ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். சில உருண்டைகளுக்குள் இறகுகளை அடைத்தனர். உருண்டை உடைந்ததும் இறகுகள் காற்றில் சிதறும். பார்ப்பவர்க்குப் பறவையே அடிபட்டது போலத் தோன்றும். ஆயினும் விளையாட்டு முடிந்தபின் திடலெங்கும் கண்ணாடிச் சில்லு கிடந்தது. பட்டது தெரியவேண்டும் என்ற ஆசைக்கு முதல் விலையைத் தரையில் நடப்பவரின் கால்கள் கொடுத்தன.

1880ஆம் ஆண்டில் சின்சினாட்டி நகரத்து ஜார்ஜ் லிகோவ்ஸ்கி என்பார் சுட்ட களிமண்ணால் தட்டு வடிவக் குறியைச் செய்தார். சிறுவர் நீர்ப்பரப்பின் மேல் சிப்பிகளைத் தத்தித் தத்திப் போகுமாறு எறிந்ததைக் கண்டே அவருக்கு இவ்வெண்ணம் உதித்தது என்பர். முதலில் வந்த தட்டுகள் மிகவும் கெட்டியாக இருந்தன. ரவை பட்டும் உடையாமல் போயின. பின்னர்ச் சுண்ணாம்புக்கல் தூளையும் கீலையும் கலந்து தட்டுகளைச் செய்தனர். இன்றைய ஒலிம்பிக் போட்டிகளில் தூளாகிப் பறக்கும் தட்டுகள் இவற்றின் வழிவந்தவையே. "களிமண் புறா" என்ற பெயரில் மட்டும் இன்றும் புறா வாழ்கிறது.

விம்பிள்டனில் எழுந்த செங்கொடி

இது சிதறு ரவைத் துப்பாக்கியின் கதை. ரைபிள் துப்பாக்கியின் கதை வேறு. அதன் தோட்டா நூற்றுக்கணக்கான கெஜம் பாயும். ஆகவே குறியில் பட்டதா என்பதை மட்டுமன்றி, படாத தோட்டா எங்கே போயிற்று என்பதையும் எண்ண வேண்டியதாயிற்று.

இங்கிலாந்தில் 1859ஆம் ஆண்டில் தேசிய ரைபிள் சங்கம் தோன்றியது. அதன் முதற் கூட்டம் 1860ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் விம்பிள்டன் திடலில் நடந்தது. விக்டோரியா மகாராணியாரே முதல் குண்டைச் சுட்டார். துப்பாக்கியை ஒரு தாங்கியில் அசையாமல் பொருத்தி, விசையில் பட்டுக்கயிறு கட்டி, 400 கெஜத் தொலைவிலிருந்த குறியை நோக்கி முன்னமே சரிசெய்து வைத்திருந்தனர். மகாராணியார் கயிற்றை இழுத்தார். தோட்டா குறியின் நடுவை ஒட்டிப் பட்டது.

அந்நாளில் குறிகள் இரும்புப் பலகைகள். ஈயத்தோட்டா பட்டதும் ஓசை எழும். பட்ட இடத்தைப் பார்த்துச் சொல்லக் குறியின் அருகே ஒரு மறைவிடத்தில் ஆள் இருப்பான். ஈயம் நசுங்கித் தெறிக்கும் துணுக்குகள் அவனுக்குப் பெரும் இடர். பலகைக்குப் புதுவண்ணம் பூச அவன் வெளியே வரவேண்டின் செங்கொடியை உயர்த்துவான். கொடி நிற்கும் வரை ஒருவரும் சுடலாகாது. 1870களில் இரும்புப் பலகை போய்த் துணிக்குறி வந்தது. மண்மேட்டுக்குப் பின்னுள்ள பள்ளத்தில் ஆள் பாதுகாப்பாக நின்று, குறியை மேலே ஏற்றவும் கீழே இறக்கவும் வசதி செய்தனர். விம்பிள்டனைச் சுற்றிக் குடியிருப்புகள் பெருகவே, 1890ஆம் ஆண்டில் சங்கம் தன் திடலையே பிஸ்லி என்னும் இடத்துக்கு மாற்றிக் கொண்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சுடுபவன் அருச்சுனன், அவன் குறியை மட்டுமே பார்க்கிறான், பார்க்கவும் வேண்டும். ஆனால் மரத்தையும் கிளையையும் தம்பியரையும் பார்க்க வேறொருவன் நியமிக்கப்பட்டான். திடல் அதிகாரி என்பவன் அவனே. அவன் "நிறுத்து" என்றால் ஆயிரம் போட்டிகளில் வென்ற சுடுநனும் துப்பாக்கியைத் தாழ்த்த வேண்டும். துரோணர் ஒதுக்கிய தருமனைச் சுடுதிடல் தலைவனாக்கியது.

பிரித்து வைக்கும் நெறி

இனி வெடிமருந்தின் பக்கம் வருவோம். 1864ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள், ஸ்டாக்ஹோம் நகரில் ஆல்பிரட் நோபெலின் ஆய்வுக்கூடம் வெடித்தது. அவருடைய தம்பி எமில் உட்பட ஐவர் மாண்டனர். அங்கு இருந்தது நைட்ரோகிளிசரின் என்னும் நீர்மம். சிறு அதிர்ச்சியையும் பொறுக்காதது. நகருக்குள் அத்தொழிலைச் செய்யத் தடை வரவே, நோபெல் ஏரியில் மிதக்கும் படகில் வேலையைத் தொடர்ந்தார். 1867ஆம் ஆண்டில் அந்நீர்மத்தை ஒருவகை நுண்மண்ணில் ஊறவைத்து, கையாளத்தக்க டைனமைட்டை உருவாக்கினார்.

டைனமைட்டும் எடுத்துச் செல்லும்போது வெடிமருந்தே. வழியில் வெடிமருந்தாக இல்லாமல், வேண்டிய இடத்தில் மட்டும் வெடிமருந்தாக ஆகும் பொருள் ஒன்று கிடைத்தால் எவ்வளவு நலம்! இதனை எண்ணியவர் ஹெர்மன் ஸ்பிரெங்கல். 1871ஆம் ஆண்டில் அவர் ஒரு நெறியை வெளியிட்டார். எரிவதற்குத் துணைபுரியும் பொருள் ஒன்று. எரியும் பொருள் மற்றொன்று. இரண்டையும் தனித்தனியே கொண்டு சென்று, வெடிக்கும் இடத்தில் மட்டும் சேர்ப்பது. தனித்தனியே இருக்கும் வரை அவை வெடிமருந்து ஆகா. இந்நெறியில் அமைந்த மருந்தைப் பெருமளவில் கொண்டே 1885ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் நியூயார்க் துறைமுகத்துக்குப் போகும் வழியை மறித்துக் கிடந்த பாறையை அமெரிக்கப் பொறியாளர் தகர்த்தனர்.

உரத்தின் மறுமுகம்

மாணவனின் கேள்விக்கு இப்போது வரலாம். அம்மோனியம் நைட்ரேட்டு என்பது பயிர்க்கு நைட்ரசன் தரும் உப்பு. உலகில் கோடிக்கணக்கான ஏக்கர் நிலம் அதனால் விளைந்திருக்கிறது. வெடிமருந்துத் தொழிலுக்கும் அதுவே மூலப்பொருள். அது எளிதில் வெடிப்பதில்லை. எளிதில் வெடிப்பதில்லை என்பதே மனிதனைப் பலமுறை ஏமாற்றியது.

1921ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் ஜெர்மனியில் ஓப்பாவ் என்னும் ஊரின் உரத்தொழிற்சாலையில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே அம்மோனியம் சல்பேட்டும் நைட்ரேட்டும் கலந்த உரம் ஆயிரக்கணக்கான டன் குவிந்திருந்தது. ஈரத்தால் அது பாறைபோல் இறுகும். அதை உடைக்கச் சிறு வெடிகளை வைப்பது அங்கு வழக்கம். பல்லாயிரம் முறை அவ்வாறு செய்திருந்தனர், ஒன்றும் நேரவில்லை. அன்று நேர்ந்தது. 500க்கு மேற்பட்டோர் மாண்டனர். நேற்று வரை நடக்கவில்லை என்பது நாளைக்கு உறுதிச் சீட்டு ஆகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

1947ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி துறைமுகத்தில் அம்மோனியம் நைட்ரேட்டு ஏற்றிய கப்பலில் தீப்பிடித்தது. விந்தையான நிறத்தில் எழுந்த புகையை வேடிக்கை பார்க்க மக்கள் கரையில் கூடினர். கப்பல் வெடித்தது, ஏறத்தாழ 580 பேர் உயிரிழந்தனர். 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4ஆம் நாள் பெய்ரூத் துறைமுகத்தில் பல ஆண்டுகள் கிடங்கில் கிடந்த 2,750 டன் வெடித்து, 200க்கு மேற்பட்டோர் மாண்டதை நம் காலத்திலேயே கண்டோம்.

குறியாக வந்த வெடி

ஸ்பிரெங்கலின் நெறியும் இவ்வுப்பும் சேர்ந்து 1990களில் அமெரிக்கச் சுடுதிடல்களுக்கு வந்தன. டானரைட் என்னும் வணிகப் பெயருடையது அவற்றுள் பெயர்பெற்றது. இரண்டு தூள்கள் தனித்தனிப் பைகளில் விற்கப்படுகின்றன. ஒன்று அம்மோனியம் நைட்ரேட்டை முதன்மையாகக் கொண்டது. மற்றொன்று அலுமினியத் தூளை முதன்மையாகக் கொண்டது. சுடுபவர் திடலிலேயே அவற்றைச் சேர்க்கிறார். சேர்த்த கலவை கைதவறிக் கீழே விழுந்தாலும் வெடிப்பதில்லை. கைத்துப்பாக்கியின் மெதுவான குண்டுக்கும் பொதுவாக வெடிப்பதில்லை. மிகுவேகத்தில் வரும் ரைபிள் தோட்டா பட்டால்தான் வெடிக்கிறது. தொலைவில் நின்று சுடுபவர்க்கு, பட்டதா என்று தொலைநோக்கியில் தேடும் வேலையில்லை. முழக்கமும் வெண்புகையும் அதைச் சொல்லிவிடும். இறகு அடைத்த கண்ணாடி உருண்டையின் பேரன் என்றே இதைக் கூறலாம்.

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் சேராத தூள்களை வெடிபொருளாகக் கொள்ளுவதில்லை; சேர்த்த பின் அது வெடிபொருள். அதைச் சேமித்து வைப்பதற்கும் எடுத்துச் செல்லுவதற்கும் விதிகள் உண்டு. நம் மலேசியாவில் துப்பாக்கிக்கு 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், வெடிபொருளுக்கு 1957ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் உள்ளன. உரிமம் இன்றித் தொடுவது பெருங்குற்றம். இதை மாணவர்க்கு முதலில் சொல்லிவிட வேண்டும்.

மூன்று பாடங்கள்

இக்குறிகளால் நேர்ந்த இடர்களுள் மூன்றை மட்டும் குறிக்கிறேன்.

2016ஆம் ஆண்டில் ஜார்ஜியா மாநிலத்தில் ஓர் இளைஞர் புல்வெட்டும் இயந்திரத்துக்குள் இக்கலவையை நிறைத்துச் சுட்டார். இயந்திரத்தின் இரும்பு சிதறிப் பறந்து வந்து அவருடைய கால் ஒன்றை முழங்காலுக்குக் கீழே துண்டித்தது. கலவை மட்டும் இருந்திருப்பின் காற்றும் புகையுமே எழுந்திருக்கும். அதைச் சூழ இரும்பு இருந்ததால் அது எறிகுண்டு ஆயிற்று.

2017ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் அரிசோனா மாநிலத்தில் நடந்தது இன்னொன்று. பிறக்கப்போகும் குழந்தை ஆணா பெண்ணா என்று சுற்றத்தாருக்கு அறிவிக்கும் விழா. ஆணாயின் நீலத்தூள், பெண்ணாயின் இளஞ்சிவப்புத் தூள் சிதறும்படி இலக்கை அமைத்துத் தந்தையாரே சுட்டார். நீலத்தூள் எழுந்தது, அதனுடன் காய்ந்த புல்லில் தீயும் எழுந்தது. அன்று காற்று பலம். ஏறத்தாழ 47,000 ஏக்கர் எரிந்தது. அம்மனிதர் ஓடி ஒளியவில்லை. தாமே உடனே அதிகாரிகளிடம் சொன்னார். பின்னர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 81 இலட்சத்துக்கு மேற்பட்ட அமெரிக்க வெள்ளி இழப்பீடு கட்ட அவருக்கு உத்தரவாயிற்று. நல்லவர், நேர்மையானவர், மகிழ்ச்சியில் இருந்தவர். அவருடைய பண்பால் தீ நிற்கவில்லை.

மூன்றாவது, இது ஒருவர் இருவர் செய்த பிழையன்று என்பதற்குச் சான்று. 2012ஆம் ஆண்டு முதல் மேற்கு மாநிலங்களில் குறைந்தது 16 காட்டுத்தீக்களுக்கு வெடிக்கும் இலக்குகளே காரணம் என்றும், அவற்றை அணைக்க 330 இலட்சம் வெள்ளிக்கு மேல் செலவாயிற்று என்றும் அமெரிக்க வனத்துறை 2013ஆம் ஆண்டில் அறிவித்தது. அவ்வாண்டே ராக்கி மலைப்பகுதித் தேசியக் காடுகளில் அவற்றைத் தடை செய்தது.

ஜார்ஜியாவையும் அரிசோனாவையும் எண்ணிப் பாருங்கள். இரண்டு இடத்திலும் செங்கொடி பிடிப்பவன் இல்லை. சுட்டவர் குறியைத் தவறவிடவுமில்லை. குறி சரியாகப் பட்டதனால்தான் இடர் நேர்ந்தது!

திடலின் நெறிகள்

சட்டம் இடந்தரும் நாடுகளில் ஒழுங்கான திடல்கள் கைக்கொள்ளும் நெறிகளை இனித் தொகுத்துக் காண்போம். ஒவ்வொரு நெறிக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது.

முதலாவது, திடல் அதிகாரியின் இசைவு. பல திடல்கள் இக்குறிகளை அறவே ஏற்பதில்லை. ஏற்கும் திடலிலும், எந்நாள், எவ்விடம், எத்தனை என்பதை அவரே முடிவு செய்வார்.

இரண்டாவது, கலவையைச் சுடும் இடத்தில் மட்டுமே, அப்போதைக்கு வேண்டிய அளவே சேர்த்தல். சேர்த்ததை வண்டியில் ஏற்றலாகாது. மறுநாளைக்கு என வைத்தலும் ஆகாது. வைத்தால் ஸ்பிரெங்கல் கண்ட நெறியின் பயனே போய்விடும்.

மூன்றாவது, அளவும் தொலைவும். செய்தவர் குறித்த சிறு அளவுக்கு மேல் போகலாகாது. இரண்டு மூன்று டப்பாக்களை ஒன்றாகச் சேர்த்தலும் ஆகாது. ஓர் இராத்தலுக்கும் குறைந்த குறிக்கே 100 கெஜம் என்பது குறைந்த அளவுத் தொலைவாகக் கொள்ளப்படுகிறது. பார்வையாளர் சுடுபவருக்கும் பின்னே நிற்க வேண்டும். டெக்சாஸ் சிட்டியின் கரையில் கூடி நின்றவர்களை இங்கே நினைவு கொள்க.

நான்காவது, குறியைச் சூழ இரும்பு, கண்ணாடி, கல் எதுவும் இருத்தலாகாது. பழைய வண்டிக்குள்ளும், அடுப்புக்குள்ளும், மரப்பொந்துக்குள்ளும் வைத்தலாகாது.

ஐந்தாவது, தரை. காய்ந்த புல்லும் சருகும் இல்லாத வெறும் மண்மேல் வைக்க வேண்டும். வறட்சிக் காலத்திலும் காற்று மிகுந்த நாளிலும் சுடாமல் இருப்பதே அறிவு. நீரும் மண்வெட்டியும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். சுட்டு முடித்ததும் உடனே புறப்படாமல் புகை எழுகிறதா என்று காத்திருந்து பார்க்க வேண்டும்.

ஆறாவது, வெடிக்காத குறி. தோட்டா பட்டும் வெடிக்காவிடில், என்ன ஆயிற்று என்று ஓடிப்போய்க் குனிந்து பார்ப்பது மிகப்பெரிய பிழை. அதிகாரியின் சொல் கேட்டுத் தொலைவிலிருந்தே மீண்டும் சுட வேண்டும். கண்ணுக்கும் காதுக்கும் காப்பு அணிதல் எல்லார்க்கும் பொது.

இந்நெறிகளைப் படிப்போர் ஒன்றை உணர்வர். இவற்றுள் எதுவும் குறி பார்க்கும் திறமையைப் பற்றியதன்று. யாவும் குறியைச் சூழ்ந்துள்ளவற்றைப் பற்றியவை: தரை, காற்று, இரும்பு, பக்கத்தில் நிற்பவர், நாளை அவ்வழியே நடக்கப்போகிறவர். அருச்சுனன் பாராமல் விட்ட அத்தனையும் இங்கே பட்டியலாகி நிற்கின்றன.

மாணவனுக்குச் சொன்ன விடை

அம்மாணவனைக் கூப்பிட்டு, உரக் கொட்டகைக்கு அழைத்துச் சென்றேன். கிராணியாரிடம் இசைவு பெற்று வாயிலில் நின்றபடியே மூட்டைகளின் மேலிருந்த பெயர்களை அவனையே படிக்கச் சொன்னேன். அங்கு இருந்தது அம்மோனியம் சல்பேட்டு, நைட்ரேட்டு அன்று. இரண்டும் பெயரால் உடன்பிறந்தார் போலத் தோன்றினும் குணத்தால் வேறு. "உரமெல்லாம் வெடிக்காது, தம்பி. ஒருவகை உரம் வெடிக்கும்; அது வெடிப்பதற்கும் மனிதனின் கவனக்குறைவு வேண்டும்" என்றேன். கதவின் மேல் எழுதியிருந்த "தீ மூட்டாதே" என்னும் பலகையைக் காட்டி, "இதை எழுத யாரோ எங்கோ ஒரு விலை கொடுத்திருக்கிறார்கள்" என்றும் சொன்னேன்.

அவன் சற்று யோசித்து, "அப்படியானால் அந்தப் படத்தில் கைதட்டினவர்கள் ஏன் கிட்டவே நின்றார்கள், ஐயா?" என்று கேட்டான். என் பாடம் அவனுக்குப் புரிந்துவிட்டது என்று அறிந்தேன். டப்பாவை மட்டும் பார்த்த கண், இப்போது சுற்றி நின்றவர்களையும் பார்க்கத் தொடங்கிவிட்டது.

துரோணரின் தேர்வை இனியும் வகுப்பில் சொல்லுவேன். பாடத்தில் மனம் ஊன்ற அருச்சுனன் வேண்டும். ஆனால் கதை முடிந்தபின் ஒரு வினாவைச் சேர்த்துக் கேட்பேன்: "அம்பு பறவையைத் தாண்டிப் போயிருந்தால், அந்தப் பக்கம் யார் நின்றார்கள் என்று பார்த்திருந்தவன் யார்?" விடை சொல்லத் தெரிந்த பிள்ளையின் கையில் எந்தக் கருவியையும் பின்னாளில் நம்பிக் கொடுக்கலாம்.